கிளீனர் சீட்டில் பிரேக் கிடையாது

லாரிகளுக்குப் பிரேக் பார்ப்பதுதான் முப்பது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பாக இருந்தது. அதில் பாதியை, பிரேக்கே இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து கழித்திருக்கிறேன். டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கிற கிளீனர் சீட்டைச் சொல்கிறேன்.

போடியில் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகள் சிலர், "அண்ணே, ஏதாச்சும் எழுதிக் குடுங்க, குரூப்புல போடுவோம்" என்று கேட்டார்கள். பிரேக் டிரம்மை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே கிடைக்கிறது. அதில் கழற்றிக் காட்டுகிறவர் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. நான் பாத்ரூம் குழாயைத் திருகினாலே முகமெல்லாம் கறுப்பாகிவிடும். ஆகவே அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது, பழுது பார்த்து முடித்த பிறகு வருகிற ஒரு வார்த்தையைப் பற்றி. "போகலாம்" என்கிற வார்த்தை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மலை மேல் நிற்கிற லாரிக்குப் பிரேக் பார்த்து "போகலாம்" என்று எவன் சொல்கிறானோ, அவனே அந்த லாரியின் கிளீனர் சீட்டில் ஏறி மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் இறங்கி வர வேண்டும். மலையுச்சியிலுள்ள போடி மெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு. பட்டறை ஃபோர்மேன் கொண்டுவந்த வழக்கம் அது. முதல் தடவை நான் மெட்டில் நின்று மிடுக்காக "போகலாம்" என்றபோது, அவர் லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறு மாப்ளே."

"நான் எதுக்குண்ணே? டிரைவர்தான் இருக்காரே?"

"அந்தாளு உன் வார்த்தையை நம்பி ஏறுறாரு. நீ நம்பலையா?"

ஒரு காலைப் படியில் வைத்தேன். உடனே எனக்கு நான்கு நட்டுகளின் ஞாபகம் வந்தது. இறங்கிப்போய் நான்கையும் மறுபடி முறுக்கினேன். திரும்பி வந்து படியில் கால் வைத்தேன். ஐந்தாவது நட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஃபோர்மேன் சிரிக்கவே இல்லை, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தைரியம் மட்டும் இருந்திருந்தால் நான் நல்ல மெக்கானிக் ஆகியிருக்கவே மாட்டேன். ஊரில் என்னைக் கைராசிக்காரன் என்பார்கள். கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் முழங்கால் நடுக்கம்தான்.

இப்போது ஒரு குளிர்கால விஷயத்துக்கு வருகிறேன்.

போடியில் தை மாதம் கூட மின்விசிறி ஓடும். அதே நேரத்தில் தேவிகுளம் பக்கத்துப் பள்ளங்களில் புல் மேல் உப்பு கொட்டியதுபோல உறைபனி கிடக்கும். அங்கிருந்து காலையில் ஒரு டிரைவர் போன் போட்டு "வண்டி அசைய மாட்டேங்குது" என்பார். நீங்கள் போர்வையை உதறிவிட்டு, மூன்று மணி நேரம் மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் வெயில் வந்திருக்கும். வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடும். வெயில் பழுதை அழித்துவிடும், அதன் அடையாளத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். உங்கள் கையில் ஒரு சாட்சியும் இருக்காது. அந்த நேரம்தான் எல்லாரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு நாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின குளிர்காலம்.

பொழுது விடியும்போதே போன் வந்தது. லாரி டிரைவர் செல்லப்பாண்டி. தேயிலை மூட்டை ஏற்றிய லாரி, தேவிகுளம் தாண்டி ஒரு ஓடைப்பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, பின்சக்கரம் உருளவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். உள்ளே முழுக்கக் காய் எடுக்கப் போகிற பெண்கள்.

"என்ன மெக்கானிக்கண்ணே, எங்ககூட காய் எடுக்க வர்றீகளா?"

"எடுப்பாரு, எடுத்த காயை ஸ்பேனர் போட்டு முறுக்குவாரு."

"அந்தக் குல்லாயைக் கழட்டுங்கண்ணே. கரடின்னு நெனச்சு தோட்டத்து வாட்சர் வெடி போட்டுறப் போறாரு."

பூப்பாறையில் அவர்கள் இறங்கிக்கொண்டதும் ஜீப்பு திடீரென்று பெரிதாகிவிட்டது. இந்தத் தொழிலில் எனக்குப் பழகாமலே போன இடம் அது. எல்லாரும் அவரவர் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள், நாம் மட்டும் பையோடு இன்னும் மேலே போவோம். அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பனி போய்விட்டிருந்தது. லாரி டீக்கடைக்கு முன்னால் ஜம்மென்று நின்றது. செல்லப்பாண்டி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சோலி முடிஞ்சிருச்சுண்ணே. டீக்கடைச் சேட்டன்கிட்ட வெந்நி வாங்கி டிரம்மு மேல ஊத்துனேன், விட்டுருச்சு. நீங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு, வண்டியை ஒரு பார்வை பாத்துட்டு, போகலாம்னு சொல்லுங்க. வெரசா எறங்கிருவோம்."

வண்டியைப் பார்த்தேன். அப்படி ஒரு சுத்தமான லாரியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. சக்கரத்துப் போல்ட்டுகள் வரை மின்னின.

"என்ன தம்பி, லாரிக்குக் கல்யாணமா?"

அவருக்குக் காது சிவந்தது. லாரிக்கு இல்லை, அவருக்குத்தான். நாற்பதை நெருங்குகிற ஆள். லாரி டிரைவருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ராசிங்காபுரத்தில் ஒரு பெண், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் பெண் பார்க்கப் போக வேண்டும். அக்காளும் மாமனும் போடியில் தயாராக இருக்கிறார்கள். அதில் ஒரு நிபந்தனை: போட்டோவில் யாரும் எந்த லாரி முன்னாலும் நிற்கலாம், ஓட்டுகிற வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று பெண்ணே சொல்லிவிட்டாளாம். அதனால் மனிதர் முந்தின நாள் மாலை லாரியை ஓடைக்குள் இறக்கி, மாட்டைக் குளிப்பாட்டுவதுபோலத் தேய்த்துக் குளிப்பாட்டி, கரையேற்றி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

தம்பிகளே, பழுது இங்கேதான். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பட்டை, லைனிங், நனைந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டதும் அது டிரம்மோடு அழுந்தி நிற்கிறது. நடுவிலிருக்கிற ஈரம் உறைந்தால் இரண்டும் பசை போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை இயக்குகிற காற்று நிறைய இருக்கும், முள் சரியாகக் காட்டும், ஹேண்ட்பிரேக்கை எடுத்தால் 'புஸ்' என்று சத்தமும் வரும். சக்கரம் மட்டும் அசையாது. மலைக்குப் பழகிய டிரைவர்கள் பனிக்காலத்தில் ஹேண்ட்பிரேக் போடவே மாட்டார்கள். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் தூங்குவார்கள். செல்லப்பாண்டிக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் டிரைவர் இல்லை, மாப்பிள்ளை.

சரி, வெந்நீர் ஊற்றினார், விட்டுவிட்டது. நான் எல்லாம் பார்த்தேன். காற்று இறங்கவில்லை. டீக்கடை முன்னால் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. வாய் வரைக்கும் 'போகலாம்' வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு மூத்திரம் வந்தது. குளிரில் எனக்கு அறிவு வேலை செய்யாவிட்டாலும் அது ஒழுங்காக வேலை செய்யும். கடைக்குப் பக்கத்தில், இரவு லாரி நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். கீழே பார்த்தேன். வலப்பக்கம் சரளைக் கல்லில் டயரின் அச்சு வரிசையாக இருந்தது. இடப்பக்கம் அச்சு இல்லை. உழுததுபோல ஒரு பள்ளக்கோடு, ஒரு ஆள் நீளத்துக்கு. அந்தச் சக்கரம் உருளாமலே இழுபட்டிருக்கிறது.

திரும்பி வந்து கேட்டேன். "தம்பி, வெந்நி ஊத்துறதுக்கு முன்னால வண்டியை முன்னும் பின்னும் போட்டு இழுத்தியா?"

"இல்லண்ணே. வெந்நி ஊத்துனேன், விட்டுருச்சு."

"ஒரு தடவைகூட?"

"சத்தியமாண்ணே."

ஒட்டியிருக்கிற லைனிங்கைப் பனி இளகுவதற்குள் முரட்டுத்தனமாக இழுத்தால், டிரம்மிலிருந்து பிரிவதற்குப் பதிலாக அது தன்னைப் பொருத்தியிருக்கிற இரும்பிலிருந்து பிய்ந்துகொள்ளலாம். பிய்ந்தது உள்ளேயே இடுக்கில் நிற்கும். சமதளத்தில் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பத்தாவது வளைவில் சூடேறிய பிறகு தெரியும், தெரிந்து பிரயோஜனம் இருக்காது. பிய்ந்திருக்கலாம், பிய்யாமலும் இருக்கலாம். திறந்து பார்த்தால்தான் உண்டு. லோடு வண்டியில் இரண்டு பக்கமும் திறந்து மூட அன்றைய பகல் போய்விடும். பெண் பார்க்கிற சாயங்காலமும் அதோடு போய்விடும்.

லாரி ஓனர் போனில் வந்தார்.

"பிரேக் புடிக்குதுல்ல?"

"புடிக்குதுங்க."

"காத்து எறங்குதா?"

"எறங்கலைங்க."

"பின்ன எதைப் பாத்துக் கழட்டணும்கிறீங்க?"

ஒதுங்கப் போன இடத்தில் பார்த்ததை வைத்து என்று சொல்ல முடியவில்லை. "மனசுக்குச் சரிப்படலைங்க" என்றேன். சொன்ன எனக்கே கேவலமாக இருந்தது. மெக்கானிக் பேசுகிற பேச்சா அது?

செல்லப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நீங்க எத்தனை வண்டி பாத்திருப்பீங்க. எனக்கு இது ஒண்ணுதான்ணே. இன்னிக்கு லாரியோட போகலைன்னா, லாரியே இல்லாத பயன்னு நெனச்சுரும் அந்தப் புள்ள."

"சரி, எடு. நானும் வர்றேன்" என்று இடப்பக்கக் கதவைத் திறந்தேன். கேபினுக்குள் புதுச்சட்டை ஒன்று பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது. படியில் கால் வைத்தேன். முழங்கால் ஆடியது. குளிராக இருக்கும் என்று சமாதானம் சொல்லி, இறங்கி, கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தேன். மறுபடி ஆடியது. ஃபோர்மேன் செத்துப் பல வருடம். ஆனாலும் கதவை யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது.

இறங்கிவிட்டேன். "என்னால ஏற முடியல தம்பி. நான் ஏறாத வண்டியை உன்னைய எடுன்னு சொல்ல மாட்டேன்."

அவர் முகம் இருந்த இருப்பை நான் இங்கே எழுதவில்லை.

"நீ பஸ்சுல போ," என்றேன். "வண்டிக்கு நான் காவல் இருக்கேன்."

"லோடு வண்டியை விட்டுட்டுப் போனா ஓனர் கொன்னுருவாரு."

"அவருகிட்ட நான் பேசுறேன். எனக்கு வீட்டுல சோத்தை மூடி வச்சுக் காத்திருக்க யாரும் இல்லப்பா. எங்க கெடந்தா என்ன? சட்டையை எடுத்துக்க. வர்றப்ப ஒரு செட்டு லைனிங் வாங்கிட்டு வா."

என் மனைவி தவறிப்போய் அது இரண்டாவது வருடம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது வேடிக்கையாக இல்லை என்று தெரிந்தது.

அவர் சட்டை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார்.

சக்கரம் கழற்ற டீக்கடைச் சேட்டன் கை கொடுத்தார். வலப்பக்கத்தைத் திறந்தோம். லைனிங் நன்றாக இருந்தது. கடையில் வாங்கியதுபோல இருந்தது. "கொழப்பமில்லல்லோ?" என்று, பழுது ஒன்றும் இல்லையே என்பதை மலையாளத்தில் கேட்டார் சேட்டன். குழப்பம் வண்டியில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அதை மூடிவிட்டு, இடப்பக்கச் சக்கரத்தையும் கழற்ற உதவிவிட்டு, வெயில் சாய்ந்ததும் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

தேயிலைச் சரிவில் ஒரு ஆள் இல்லை. சக்கரம் இல்லாத லாரியும் நானும். இந்தப் பக்கமும் நன்றாக இருந்தால், ஒரு மனிதனின் கல்யாணத்தை என் முழங்காலை நம்பிக் கெடுத்தவன் ஆவேன். உண்மையைச் சொன்னால், டிரம்மை இழுக்கும்போது அது பிய்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பழுது இருக்கட்டும் என்று வேண்டுகிற மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியுமா? இதோ இருக்கிறேன்.

டிரம்மு வந்தது. லைனிங் துண்டு ஒன்று, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி, என் கையோடு வந்தது. இன்னொன்று விரிசல் விட்டு ஒரே ஒரு ரிவிட்டில் தொங்கியது.

"பாருடா!" என்று கத்தினேன். கத்தியது டீக்கடை நாயிடம். அது வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தின்பதற்கு இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. நினைத்தது சரியாக இருந்தும் சொல்ல ஆளில்லாமல் நிற்பது, தப்பாகப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குளிரும்.

ஓனரிடம் சொல்வதற்காக, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறினேன். நான் போடுவதற்கு முன்னால் போன் அடித்தது. தெரியாத நம்பர். பெண் குரல்.

"ராசிங்காபுரத்துலருந்து பேசுறேன். லாரி மெக்கானிக் அண்ணன்தான?"

"ஆமாம்மா."

"இங்க ஒருத்தர் புதுச்சட்டை போட்டு உக்காந்திருக்காரு. லாரி எங்கன்னு கேட்டா, உங்க நம்பரைக் குடுக்கறாரு. நெசமாவே லாரி இருக்கா?"

"இருக்கும்மா. இப்ப மூணு கால்ல நிக்குது."

அவள் சிரிக்கவில்லை. "பிரேக்கு கெட்டுப்போச்சுன்னாரு. நெசமா?"

லைனிங் துண்டு கையிலேயே இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தக் குளிரில் சிக்னலும் விறைத்துப்போய், ரொம்ப நேரம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண் வீட்டுக்கு யாரும் இப்படி ஒரு போட்டோ அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மறுபடி போன் அடித்தது. "பாத்தேன்ணே. இப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நான் போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற சோலி பாக்குறவ. பச்சையா இருக்குதேன்னு எடுக்க மாட்டேன், அழுத்திப் பாத்துதான் எடுப்பேன். இவரு பொய் சொல்ற ஆளா?"

போகலாமா என்றுதான் கேட்கிறாள். வேறு வண்டி, அவ்வளவுதான். காலையில் எனக்கு முன்னால் சத்தியம் செய்தவரை நினைத்தேன். அவருக்கு இது ஒன்றுதான் என்று கும்பிட்டதையும் நினைத்தேன். 'தங்கமான ஆளும்மா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த வண்டியில் ஏறப்போகிறது நான் இல்லை, அவள்.

"காலையில எங்கிட்ட ஒரு பொய் சொன்னாரும்மா," என்றேன். "வண்டியைப் போட்டு இழுக்கலைன்னு. இழுத்ததுனாலதான் இப்படி ஆச்சு. உங்க வீட்டுக்கு நேரத்துல வந்து சேரணும்னு சொன்ன பொய்."

போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அதையும் சொன்னாருண்ணே," என்றாள் மெதுவாக. "லாரியைக் குளிப்பாட்டுனது, இழுத்தது, உங்ககிட்ட மறைச்சது, எல்லாம். வந்து உக்காந்ததும் மொதல்ல அதைத்தான் சொன்னாரு. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டாள். எனக்கு முப்பது வருடத்தில் யாரும் அவ்வளவு சுத்தமாக டெஸ்ட் வைத்ததில்லை.

மறுநாள் முன்மதியம் செல்லப்பாண்டி லைனிங்கோடு வந்தார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலையை முடித்தோம். முடித்ததும் அவர் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்கண்ணே."

படியில் கால் வைத்தேன். முழங்கால் ஆடவில்லை. "போகலாம்" என்றேன்.

மெட்டிலிருந்து முந்தல் வரை வழக்கம்போல ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை மிதித்தது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது என்று காலுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், அது கேட்டதே இல்லை. கடைசி வளைவு தாண்டி, முந்தலில் ஓரங்கட்டினார். அங்கே ஒரு பைக் நின்றது. தன் தம்பியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ஒவ்வொரு டயரையும் கையால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு நாள் மண்ணும் தூசியும் வண்டி முழுக்க.

"கழுவவே இல்லையா?" என்றாள்.

"இனிமே வெயில்லதான்" என்றார் செல்லப்பாண்டி.

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்களுக்குப் பேசுவதற்கு நிறைய இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கி, டவுன் பஸ் ஏறினேன். நான் போனதை யாரும் கவனிக்கவில்லை. பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

தம்பிகளே, உங்களுக்கு என்னைவிட நல்ல கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவி எல்லாம் சரி என்று காட்டி, ஓனர் போனில் இருந்து, டிரைவர் கும்பிட்டு நிற்கிற ஒரு காலை உங்களுக்கும் வரும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்துப் பாருங்கள். ஏற முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் இறங்கிப்போய்த் திறந்து பாருங்கள். கேலி செய்வார்கள். நாய்கூட மதிக்காது.

நான் இப்போது பனிக்காலக் காலைகளில் பழக்கதோஷத்தில் விடியுமுன் எழுந்துவிடுகிறேன். போன் தலைமாட்டில்தான் இருக்கிறது, அடிப்பதில்லை. குல்லாயைப் போட்டுக்கொண்டு முந்தல் ரோட்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவேன். மலையிலிருந்து லோடு லாரி இறங்கி வரும். யார் பார்த்த பிரேக்கோ, யார் சொன்ன போகலாமோ. எனக்குத் தெரியாது. அது என்னைத் தாண்டிப் போகிற வரைக்கும் என் வலது கால், பெஞ்சுக்குக் கீழே, மண்ணை மிதித்துக்கொண்டிருக்கும்.